மஞ்சள் கோடு

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கன்ட்ரோல் ஆர்ம் வாங்கினேன். சக்கரத்தைக் காரோடு பிடித்து வைத்திருப்பது அதுதான். கூட்டேரிப்பட்டில் அலைன்மென்ட் கடை வைத்திருக்கும் மேரி அக்கா மாட்டித் தந்தார். அதன் நீளம் மாறாமல் பிடிக்கும் நட்டை இறுக்கி, நட்டுக்கும் ஆர்முக்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டார்.

“கோடு ஒடையாம இருந்தா நட்டு அசையலன்னு அர்த்தம் சார். குனிஞ்சி பாத்துக்கினு வண்டி எடுங்க.”

விழுப்புரத்தில் வீட்டுக்கு வந்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. ஏதோ வீடியோவைப் பார்த்து, வளைவில் பிடிப்பு கூடச் சக்கரம் இன்னும் கொஞ்சம் சாயட்டும் என்று நானே நட்டைத் தளர்த்தி ஆர்மைத் திருப்பினேன். கோடு இரண்டாக விலகிவிட்டது. அக்கா பார்த்தால் திட்டுவாரே என்று தின்னர் போட்டுத் துடைத்தேன்.

அடுத்த ஞாயிறு டிராக்குக்குப் போகும் வழியில், அவர் கடைக்கு எதிரே டீக்கு நிறுத்தினேன். அவரே வந்து சக்கரத்தருகே குனிந்தார்.

“கோடு எங்க சார்?”

“மழையில போயிருக்கும்க்கா.”

அவர் நட்டைத் தொட்டார். இரண்டு விரலுக்கே அது சுழன்றது. அந்தச் சக்கரத்தை நம்பித்தான் நான் டிராக்கில் பறக்க இருந்தேன்.

அளவைச் சரிசெய்து நட்டை இறுக்கியவர், பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார்.

“என் பெயிண்டுதான் மட்டம் போல. இந்த வாட்டி நீங்களே போடுங்க.”

நான் போட்ட கோடு கோணலாக விழுந்தது. இன்றும் அதைக் குனிந்து பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை.

அந்த வாரம் எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை. அது அக்காவுக்கும் தெரியும்.