ரோலிங்

ஒளிப்பதிவையும் இயக்கத்தையும் ஒரே ஆள் பார்த்தால் தவறுகள் பாதியாகிவிடும் என்று நம்பிய முட்டாள் நான். மராத்தித் தொடர் ஒன்றின் முகப்பில் என் பெயர் இரண்டு முறை வந்தது. விஷ்ராந்த்வாடி வீட்டில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவைத்து அதைப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது முறை பெயர் வந்தபோது நானே கைதட்டினேன்.

அதற்கு முன், தொண்ணூறுகளில், வெறும் ஒளிப்பதிவாளன். இயக்குநர் "ரோல்" என்பார். நான் பட்டனை அழுத்தி, வ்யூஃபைண்டருக்குள் சிவப்புப் புள்ளி எரிவதைப் பார்த்த பிறகே "ரோலிங்" என்பேன். அது காதில் விழாமல் அவர் "ஆக்‌ஷன்" சொல்லமாட்டார். ஒருநாள் ஹடப்சர் படப்பிடிப்புக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்த என் மனைவிக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. அன்றிலிருந்து "குக்கர் வெச்சாச்சா?" என்று கேட்டால் உள்ளேயிருந்து "ரோலிங்!" என்று பதில் வரும். போய்ப் பார்த்தால் குக்கர் கழுவாமல் கிடக்கும்.

நானே இயக்குநரும் ஆனபின் படப்பிடிப்பில் அந்தப் பதில் நின்றுபோயிற்று. எனக்கு நானே பதில் சொன்னால் பைத்தியம் என்பார்களே.

சில வருடங்களில் மனைவிக்குத் தொண்டை கரகரத்தது. புற்று. குரல்வளையையே எடுக்கவேண்டும் என்றார்கள். மகளுக்கு அப்போது நான்கு வயது.

"பாப்பாவுக்கு என் குரல் மறந்துடும்ங்க. நீங்கதான் பெரிய கேமராமேனாச்சே, புடிச்சு வைங்க," என்றாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், நல்ல வெளிச்சத்தில், ஜன்னலோரம் நாற்காலி போட்டேன். நூறு பேர் நிற்கும் கல்யாணக் காட்சியில் நடுங்காத கை இது. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஃபோகஸ் பார்த்தேன். ஸ்டாண்டின் ஒரு காலை இறுக்க மறந்ததில் கேமரா அவளுக்குக் கும்பிடு போட்டது.

"அரே, ஆபரேஷன் எனக்கா உங்களுக்கா? சலோ, சாலு பண்ணுங்க, ஆரம்பிங்க."

கேமரா ஓடும்போது முன்னால் எரியும் விளக்கின்மேல் எப்போதும் கறுப்பு டேப் ஒட்டியிருப்பேன். எரிவது தெரிந்தால் நடிகர்கள் அதையே பார்ப்பார்கள். ஓடுகிறதா என்று உள்ளே இருக்கும் புள்ளியைத்தான் பார்க்கவேண்டும். என் கண் இருந்த நிலையில் புள்ளியும் தெரியவில்லை, அவளும் சரியாகத் தெரியவில்லை. குத்துமதிப்பாக அவளை ஃப்ரேமில் நிறுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் "ரோல்" என்றேன்.

"ரோலிங்!" என்றாள் மூக்கைச் சுருக்கி.

பதில்தான் வந்துவிட்டதே. புள்ளியைப் பார்க்காமல் பட்டனை அழுத்தினேன்.

அரை மணி நேரம் பேசினாள். பாப்பாவைக் கொஞ்சிக் கூப்பிட்டாள், திட்டிக் கூப்பிட்டாள், காய்க்காரரிடம் மராத்தியில் சண்டை போடுவதை நடித்துக் காட்டினாள். கடைசியில், "நீ வளந்து என் புடவையக் கட்டிட்டு நிக்கிறப்ப என்னால சொல்ல முடியாதுல்ல, இப்பவே சொல்லிடறேன். நல்லாருக்குடி," என்றாள்.

"கட்" என்று பட்டனை அழுத்தி, கேமராவைக் கையிலேயே தூக்கிக்கொண்டு காபி போடப் போனேன். அவள் முன்னால் அழக்கூடாது என்ற கௌரவம்.

ஆபரேஷன் முடிந்து பத்து நாள் கழித்துக் கேசட்டைப் போட்டேன். ஃப்ரேம் பார்த்தபோதே பட்டனில் விரல் பட்டு கேமரா ஓட ஆரம்பித்திருக்கிறது; ஓடவும் நிற்கவும் ஒரே பட்டன். தொடங்க அழுத்தினேன், நின்றது. நிறுத்த அழுத்தினேன், ஓடியது. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் செய்து திட்டு வாங்கவேண்டிய பிழை.

இரண்டு நாள் மறைத்துவிட்டுச் சொன்னேன். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முகத்தைப் பார்த்தேன், சிரிப்புதான். எழுதிப் பேச வைத்திருந்த ஸ்லேட்டை எடுத்தாள். மராத்திப் பள்ளியில் படித்தவள், தமிழையும் அந்த எழுத்தில்தான் எழுதுவாள்: "யாரத் திட்டறது? டைரக்டரையா, கேமராமேனையா?"

கேசட்டில் இருப்பது இவ்வளவுதான். அவள் முந்தானையைச் சரிசெய்கிறாள். என் குரல் "ரோல்" என்கிறது. அவள் "ரோலிங்" என்கிறாள். அதற்கடுத்துச் சமையலறைத் தரையும் என் இரண்டு கால்களும்.