ஒன்பது விநாடிப் பச்சை

பவதாரிணிக்குக் கட்டம் போடுகிற வேலை. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடி அறையில், எனக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. மதுரைச் சாலைகளின் கேமரா வீடியோவில் ஓடும் ஒவ்வொரு வண்டியைச் சுற்றியும் கட்டம் போட்டு, பைக், ஆட்டோ, கார், பஸ், லாரி என்று பெயர் கொடுக்க வேண்டும். அதைக் கற்றுக்கொண்டுதான் சிக்னல் கம்ப்யூட்டர் வண்டிகளை எண்ணுகிறது. எந்தப் பக்கம் கூட்டமோ அந்தப் பக்கம் பச்சையை நீட்டுகிறது. இதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவளுடைய அம்மா செல்லக்கிளி ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் அறைகளைக் கூட்டிப் பெருக்குபவர். முழங்கால் வலி வேறு. புது சிக்னல் வந்ததிலிருந்து தினமும் தாமதம்.

"ரோட்டத் தாண்ட விடமாட்டேங்குதுடி."

"ஊரே தாண்டலையா? நேரத்தோட கெளம்பும்மா" என்று இவள் எரிந்து விழுவாள்.

போன வியாழக்கிழமை லாட்ஜ் மேனேஜர் அவரை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றும் இவள் அம்மாவைத்தான் திட்டினாள்.

திங்களன்று, அந்த வியாழக்கிழமை வீடியோ இவளிடமே வந்தது. சாலையோரத்தில் செல்லக்கிளி. மெயின் ரோட்டுக்குப் பச்சை ஓய்வதே இல்லை. குறுக்குத் தெருவில் நாலே வண்டி, அதற்கு ஒன்பது விநாடி. மெயின் ரோடு நிற்கிற அந்த ஒன்பது விநாடிக்குள் அவரும் அதைக் கடந்தாக வேண்டும். இறங்குகிறார், பாதி ரோடு போவதற்குள் வண்டிகள் கிளம்பிவிடுகின்றன, நொண்டிக்கொண்டே திரும்பி ஓடுகிறார். ஏழு தடவை. எட்டாவது தடவை யாரோ ஒரு பஸ் டிரைவர் நிறுத்திக் கையைக் காட்டினார். என் வேலையை நிறுத்திவிட்டு நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பவதாரிணி அம்மாவைச் சுற்றிக் கட்டம் போட்டாள். பட்டியலில் ஆள் என்று ஒன்று கிடையாது. 'பஸ்' என்று கொடுத்தாள்.

மேற்பார்வை பார்க்கும் ரவிசங்கர் அதை அழித்தார். கெட்ட மனுஷராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

"ஆளை எண்ணச் சொல்லி நமக்கு ஆர்டரே இல்லம்மா. நான் யார்ட்ட போய்ச் சொல்ல?"

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள். "மன்னிச்சிரும்மா. வீடியோவுல பாத்தேன். நீ சொன்னது அம்புட்டும் நெசம்" என்று அழுதாள்.

செல்லக்கிளியின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "பாத்துட்டியா? அப்ப மேனேஜர்ட்ட அந்தப் படத்தக் காட்டுவோம்டி. நான் பொய் சொல்லலன்னு அந்தாளுக்குத் தெரியட்டும்."

வீடியோவை வெளியே காட்ட மாட்டோம் என்று நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இவள் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "சேலை மாத்திட்டு இந்தா அங்க வாரேன்" என்று அம்மா போனை வைத்துவிட்டார்.