ஸ்க்ரீன்ல ஒட்டின பொட்டு

அத்தானோட பழைய காரை நெனச்சா எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது அந்த ஸ்டீரியோவோட குமிழுதான். நெல்லிக்கா அளவு இருக்கும், கறுப்பு. ஓரத்துல இருந்த பல்லெல்லாம் அவரோட பெருவிரல் பட்டுப் பட்டுத் தேஞ்சு வழவழன்னு கெடந்துச்சு. அத்தான்னா எங்க அக்கா வீட்டுக்காரர், வலியசாலைல வீடு. காலேஜ் பிரின்சிபலா இருந்து ரிட்டயர் ஆன ஒரு மேடத்துக்கு ரொம்ப வருஷமா டிரைவர். கார் மேடத்தோடதுதான், ஆனா நாங்க ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல. மேடம் பின்னாடி உக்காந்து ரேடியோல நியூஸ் கேட்டுக்கிட்டே வருவாங்க. லேசாக் கண்ணு சொருகினாப் போதும், அத்தானோட கை தானாப் போயி அந்தக் குமிழை அரைச் சுத்து சுத்திச் சத்தத்தைக் கொறைக்கும். பார்வை ரோட்டை விட்டு இம்மி நகராது.

நான் பத்தாங்கிளாஸ்ல தோத்து, தம்பானூர் பக்கம் கார் ஸ்டீரியோ மாட்டுற கடைல சேந்தவன். வாய் சும்மா இருக்காது. "அத்தான், இந்த ஸ்டீரியோவ மியூசியத்துல கேட்டாங்க, கூடவே டிரைவரையும் அனுப்பச் சொன்னாங்க"ன்னு வம்புக்கு இழுப்பேன். அவரும் விடமாட்டார். "போடா மாப்ள, உன்னைய மிருகசாலைல கேட்டாங்க, நான்தான் உங்க அக்கா மொகத்துக்காக விட்டு வெச்சிருக்கேன்"ம்பார். அவரு என்னைத் திட்டுறதக் கேக்கவே நான் வலியசாலைக்குப் போவேன்.

போன வருஷம் மேடம் புதுக் கார் எடுத்தாங்க. அதுல குமிழே கெடையாது. நடுவுல டிவி மாதிரி ஒரு பெரிய கண்ணாடி. பாட்டு, ஏசி, போன் எல்லாம் அதுக்குள்ளதான். ஒரு மத்தியானம் அத்தான் அந்தக் காரோட எங்க கடைக்கு வந்தார். "மாப்ள, இதுல கை வெச்சாத் தெரியுற மாதிரி ஏதாச்சும் பண்ணித் தா." நான் சிரிச்சேன். "காலேஜ்ல பிரீடிகிரி படிச்சவரு பத்து தோத்தவன்கிட்ட வந்து டியூஷன் கேக்குறீங்களே." அவரு சிரிக்கல. சத்தத்தைக் கொறச்சுக் காட்டுங்கன்னேன். மொகத்தை ஸ்க்ரீனுக்குக் கிட்டக்கக் கொண்டுபோயித்தான் பாத்தார். விரலு ஒரு இஞ்சு தள்ளி விழுந்துச்சு. மறுபடி வெச்சார், மறுபடி தள்ளி விழுந்துச்சு. டீ வாங்கிக் குடுத்துட்டு, அவரோட எடது பக்கமா நின்னு மூணு வெரலை நீட்டி, எத்தனைன்னு கேட்டேன். "வெளையாடாத மாப்ள"ன்னார். டம்ளரக் கீழ வெச்சார். வெச்ச எடத்துல பெஞ்சு இல்ல. டீ பூராவும் என் கால்ல கொட்டிருச்சு.

ஷுகர் கண்ணுல எறங்கிருச்சாம். எடது பக்கம் பூரா பொகை மாதிரி தெரியுதாம். அக்காவுக்குத் தெரியாது. மக நர்சிங் கடைசி வருஷம், அவ முடிக்கிற வரைக்கும் ஓட்டினாப் போதும்னார். "ரோடெல்லாம் எனக்கு மனப்பாடம்லே. இந்தக் கண்ணாடிதான் என்னையக் காட்டிக் குடுத்துரும்." அந்த மனுஷன் என்கிட்ட அதுக்கு முன்னாடி ஒண்ணுமே கேட்டதில்ல. நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அன்னைக்கே அக்கா வீட்டுக்குப் போயி, அலமாரிக் கண்ணாடில இருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையத் தூக்கிட்டு வந்தேன். சத்தம் கூட்ட ஒரு பெரிய பொட்டு, கொறைக்க ஒரு சின்னப் பொட்டு, ஏசிக்கு நீள வாக்குல ஒண்ணு. பொட்டு மேல தொட்டாலும் ஸ்க்ரீன் வேலை செஞ்சுது. அத்தான் கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாத்து, ஒவ்வொண்ணாச் சரியாச் சொன்னார். நான் கை தட்டினேன். இப்ப அதை நெனச்சா அந்தக் கையை வெட்டிப் போடணும்போல இருக்கு. மேடம் இதென்னன்னு கேட்டதுக்கு, புது வண்டிக்குத் திருஷ்டி கழிக்கன்னு சொல்லிட்டாராம். அவங்களும் சிரிச்சுட்டு விட்டுட்டாங்க.

நாலஞ்சு மாசம் ஓடுச்சு. அப்புறம் வண்டிய சர்வீசுக்கு விட்டாங்க. அங்க ஸ்க்ரீனுக்குள்ள இருக்குறதையெல்லாம் புதுசாக்கி அனுப்பிட்டாங்க. சத்தம் இருந்த எடத்துல, தொட்டா அடிக்கிற போன் நம்பருங்க வந்து உக்காந்துக்கிச்சு. பொட்டு மட்டும் பழைய எடத்துலயே. யாரும் இதைக் கவனிக்கல. மறுநாள் காலைல மேடத்துக்கு விதுரால ஒரு கல்யாணம். அந்தப் பக்கம் எனக்கும் ஒரு வேலை இருந்ததால அத்தான் பக்கத்துல ஏறிக்கிட்டேன். நெடுமங்காடு தாண்டினதும் மழை. "வால்யூம் கொறச்சு கொறய்க்கணே"ன்னு மேடம் மலையாளத்துல சொன்னாங்க, சத்தத்தைக் கொஞ்சம் கொறைக்கணுமாம். அத்தான் சின்னப் பொட்டைத் தொட்டார். வெளிநாட்டுல இருக்குற மேடத்தோட மகளுக்குப் போன் போயிருச்சு. கார் பூரா ரிங்கு. நிறுத்தணும்னு பெரிய பொட்டைத் தொட்டார், அது இன்னொரு ஆளுக்கு அடிக்கப் போச்சு. அவரு குனிஞ்சு ஸ்க்ரீனைப் பாத்தார். நான் முன்னாடி பாத்தேன். எடது ஓரத்துல ஒரு ஸ்கூல் பொண்ணு, குடை பிடிச்சுக்கிட்டு நடந்து போயிட்டு இருந்தா. ஸ்டீரிங்கைப் பிடிச்சு வலது பக்கமாத் திருப்பினேன். குடை டயருக்கு அடில நொறுங்குற சத்தம் கேட்டுச்சு. அவ தப்பிச்சா. ரோட்டோர ஓடைல விழுந்து, முட்டி கிழிஞ்சு ரத்தத்தோட எழுந்து நின்னு, குடையத்தான் பாத்தா.

மேடம் எறங்கி அவளைத் தூக்கிவிட்டு, வீடு வரைக்கும் கொண்டுபோயி விட்டாங்க. திரும்பி வந்து சொன்னதுதான் என்னால தாங்க முடியல. "குத்தம் டிரைவரோடதில்ல. இந்த ஸ்க்ரீன் ஆளைக் கொல்லும். ஓட்டுறவன் ரோட்டைப் பாப்பானா, இதைப் பாப்பானா?" அவங்க சொன்னது நெசம்தான். நானும் எத்தனையோ பேர்கிட்ட அதையே சொல்லியிருக்கேன். ஆனா அந்தப் பொண்ணு அவரோட பொகைக்குள்ள நின்னா. அவரு ஸ்க்ரீனைப் பாக்காம இருந்திருந்தாலும் அவளைப் பாத்திருக்க மாட்டார். மறுநாளே என்னைக் கூப்பிட்டு, தனியா ஒரு குமிழு வெச்சுத் தரச் சொன்னாங்க மேடம். ஸ்டீரிங் பக்கத்துல நல்லாத் திருகுற மாதிரி ஒண்ணு மாட்டிக் குடுத்தேன். அத்தான் அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்தார். கொழந்த மாதிரி மொகம். என் காதுகிட்ட வந்து, "ரட்சப்பட்டோம் மாப்ள, தப்பிச்சோம்"ன்னார்.

அந்த வார்த்தை என்னை ஒரு வாரம் தின்னுச்சு. அவரு வண்டிய எடுக்குற நேரம் ஆனா கடைல எனக்கு வேலை ஓடாது. ஒயரை மாத்திச் சொருகி ரெண்டு ஸ்டீரியோவ எரிச்சேன். அவரைப் போயிப் பாத்து, நீங்களாச் சொல்லிருங்க அத்தான்னு கெஞ்சினேன். "அவ பரீட்சை முடியட்டும்டா"ன்னார். கால்லயும் விழுந்து பாத்தேன். "எந்திரி, எவனாச்சும் பாத்தா நான் செத்துட்டேன்னு நெனப்பான்"ன்னார். அதுதான் அவரு என்கிட்ட கடைசியா அடிச்ச கிண்டல். மறுநாள் நான் மேடம் வீட்டு வாசல்ல போயி நின்னு, "அது ஸ்க்ரீன் குத்தமில்ல மேடம்"னு ஆரம்பிச்சேன். மீதிய எப்படிச் சொன்னேன்னு ஞாபகமில்ல.

மேடம் நல்லவங்க. கண்ணு ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனாங்க. ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா ஏதாச்சும் செஞ்சிருக்கலாம்னு அங்க சொன்னாங்களாம். அந்த ஒரு வருஷத்துல பாதி, நான் பொட்டு ஒட்டிக் குடுத்தது. மக படிச்சு முடிச்சுட்டா. இப்ப வண்டிய வேற ஒரு பையன் ஓட்டுறான், எப்பவாச்சும் எங்க கடைக்கு வருவான். அக்கா என்கிட்ட பேசுவா, ஆனா சாப்பிட்டுப் போன்னு சொல்ல மாட்டா.

போன ஞாயித்துக்கிழமை போயிருந்தேன். அத்தான் ஜன்னல் பக்கமா நாற்காலி போட்டு உக்காந்திருந்தார். நல்ல வெயில், என் மொகத்துல நேரா அடிச்சுது. நான் அவரோட வலது பக்கமாத்தான் போயி நின்னேன். அந்தக் கண்ணுல தெரியும்னுதான் அக்கா சொல்லியிருந்தா.

"யாரு?"ன்னார்.

"நான்தான் அத்தான்."

"எந்த நானு?"

சிரிக்கிறாரான்னு அவரோட உதட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். முன்னாடின்னா அவரு வம்பு பண்றாரா நெசமாக் கேக்குறாரான்னு எனக்கு ஒரு நொடில தெரிஞ்சிரும். ரொம்ப நேரம் நின்னேன். தெரியல.