தமிழ்ப்படத்தைக் கெடுத்த என் கம்ப்யூட்டர்

இன்று எங்கள் புக்கிட் மேரா அடுக்குமாடி புளோக்கே என் வீட்டில் திரண்டது. லிஃப்ட் கூடத் திணறியிருக்கும்.

தேக்காக் கடையில் வாங்கிய மலிவுக் கம்ப்யூட்டரில் கேம் மட்டுமில்லை, சினிமாவே ஓடும் என்று ஒரு வாரமாக அளந்தது நான்தானே.

டிவியில் எப்போதாவது வரும் தமிழ்ப்படம் போடும் நேரம். "அத விடுங்க, நம்ம வீட்டுக்கு வாங்க" என்று எல்லோரையும் கூப்பிட்டிருந்தேன்.

கம்ப்யூட்டருக்குத் தனித்திரை இல்லாததால் எங்கள் டிவியிலேயே மாட்டினேன். கம்ப்யூட்டரோடு இணைத்த டேப் ரெக்கார்டரில் கேம் கேசட்டைப் போட்டால் கீச்சென்று கத்தியது, பாதியில் நின்றது. திரும்பத் திரும்ப முதலிலிருந்து போட்டேன். முறுக்குத் தட்டு காலியானது.

கடைசியில் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து, இடமும் வலமும் நகர்ந்தது.

"இதான் ஹீரோவா, மச்சான்?" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

"இல்ல, கார்."

"சரி, சினிமா எப்ப லா?"

ஓடாது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

மனைவி எழுந்து வயரைப் பிடுங்கி டிவியைப் போட்டாள். திரையில் 'வணக்கம்' என்று வந்தது. படம் முடிந்துவிட்டது.

யாரும் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அதுதான் தாங்கவில்லை.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் சினிமா ஓடினால் சொல்லுங்கள், வருகிறேன். தமிழ்ப்படம் இல்லாத நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.