எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் புட்டிங் வைத்த எஸ்தர் அக்கா

செவ்வாய்க்கிழமை மாலை நான் பள்ளியிலிருந்து வந்தபோது, இஸ்திரி போடும் அண்ணன் எங்கள் வீட்டு கேட் அருகே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, மாடி அக்கா தவறிட்டாங்களாமே! அவங்க பொடவை ரெண்டு நம்மாண்ட கீது. யார் கைல குட்கறது?"

என் முகத்தைப் பார்த்ததும் அவர் பதறிப்போனார். "அய்யய்யோ, உனுக்குத் தெரியாதா? அம்மாவாண்ட எதுவும் சொல்லிக்காத. நான் அப்பால வர்றேன்" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே போய், எங்கள் மாடியில் குடியிருக்கும் எஸ்தர் அக்கா எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். "ஊருக்குப் போயிருக்கா. ரெஸ்ட் எடுக்க" என்று திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார். அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. வெங்காயம் என்றார். அன்று எங்கள் வீட்டில் வெங்காயமே போடாத மோர்க்குழம்பு.

எஸ்தர் அக்காவுக்கு இருந்த அதே நோய்தான் எனக்கும். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது. அதனால்தான் என்னிடம் மறைக்கிறார்கள். நானும் தெரியாதவள் போல இருக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

அக்காவோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ரூபி அக்கா மாடி அறையைக் காலி செய்ய வந்தபோது படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை சர்ச்ல நினைவுக் கூட்டம் அகிலா. அவளைப் பத்தி நீ எழுதிக் குடு, நான் படிக்கிறேன். நாங்க எழுதினா எக்ஸ்சேஞ்ச் கதையாத்தான் இருக்கும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கட்டளையில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போவதாக அம்மாவும் அப்பாவும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ரூபி அக்கா இதைப் படிக்கும்போது அவர்களும் ஏதோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அதை நினைத்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆனாலும் எழுதுகிறேன்.

இங்கே கூடியிருப்பவர்களில் சிலருக்கு எஸ்தர் அக்காவை ஒரு குரலாக மட்டுமே தெரிந்திருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுப்பவர் அவர். "லைன்லயே இருங்க, கிடைச்சிடும்" என்று அவர் சொன்னால் கிடைத்துவிடும் என்று எல்லோரும் நம்புவார்கள். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு அவர் குடிவந்தது நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடையில். "படி கொஞ்சம் செங்குத்தா இருக்கும்மா" என்று அப்பா தயங்கினார். "பரவாயில்லை அங்கிள், நான் தவணை முறையில ஏறிக்கிறேன்" என்றார் அக்கா. அப்பாவுக்கு அது புரிய ஒரு வாரம் ஆயிற்று.

எனக்கு அவர் அக்காவானது தாம்பரத்தில், டாக்டர் வீட்டு பெஞ்சில். எனக்கு மாதாமாதம் இடுப்பில் பென்சிலின் ஊசி போடுவார்கள். போட்டால் அன்று முழுவதும் கால் இழுக்கும். அன்று ஊசி போட்டுக்கொண்டு அழுதபடி வெளியே வந்தேன். அடுத்து காத்திருந்தது எங்கள் மாடி அக்கா.

"எந்தப் பக்கம் போட்டாங்க?"

"இடது."

"அப்ப நான் வலது பக்கம் போட்டுக்கிறேன். ஒருத்தரை ஒருத்தர் தாங்கிக்கிட்டு நடக்கலாம்."

அப்படியேதான் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். பூக்காரம்மா எங்களைப் பார்த்து, "இன்னாம்மா, மூணு கால் ரேஸா?" என்று கேட்டார். பெரியவர்களுக்கும் அந்த ஊசி உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அக்காவிடம் ஃப்ரிட்ஜ் இல்லை. எங்கள் வீட்டில், அப்பா ஆபீஸில் லோன் போட்டு வாங்கியது, ஹாலில் பூட்டுச் சாவியோடு நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த அக்கா, ஒரு எவர்சில்வர் டிரேயும் மேரி பிஸ்கட் பொட்டலங்களும் கோகோ டப்பாவும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஆன்ட்டி, புட்டிங் வைக்க உங்க ஃப்ரிட்ஜ்ல எனக்கு ஒரு தட்டு இடம் வேணும்."

"முட்டை கிட்டை ஒண்ணும் கிடையாதே?"

"ஒரு கோழிக்கும் இதுல சம்பந்தம் இல்லை ஆன்ட்டி."

அவர் செய்ததைப் போல யாரும் சமைத்து நான் பார்த்ததில்லை. அவரால் அதிக நேரம் நிற்க முடியாது. எங்கள் கெரசின் ஸ்டவ்வைத் தரையில் இறக்கி வைத்து, முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, பாலில் கோகோவும் சர்க்கரையும் சோளமாவும் கரைத்துக் கெட்டியாகும்வரை கிளறினார். நெருப்பின் வேலை அவ்வளவுதான். பிறகு பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகக் காப்பியில் நனைத்தார். நனைத்த உடனே எடுத்துவிட வேண்டும். நான் ஒன்றை நனைத்து, அக்காவிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினால், விரலில் பாதி பிஸ்கட்தான் இருந்தது. டிரேயில் பிஸ்கட்டைப் பரப்பி, அதன்மேல் சாக்லேட் கூழை ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தார். நேராகப் போய் அப்பாவின் ஈஸி சேரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார். அதில் அம்மாகூட உட்கார்ந்ததில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்த அப்பா பையோடு நின்றார்.

"நான் எங்கம்மா உட்காருறது?"

"அடுக்கு இறுகுற வரைக்கும் தரையில உட்காருங்க அங்கிள். அதுவும் நானும் ஒண்ணா ரெஸ்ட் எடுக்கிறோம்."

அப்பா தரையில் உட்கார்ந்தார். அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை. அடுக்கு இறுகியதும் அக்கா எழுந்தார். அடுத்த பிஸ்கட் வரிசை, அடுத்த கூழ், மறுபடியும் ஃப்ரிட்ஜ், மறுபடியும் ஈஸி சேர். கடைசியில் பாலாடையையும் வெண்ணெயையும் சர்க்கரையோடு அடித்துப் பூசி, பிஸ்கட் தூள் தூவினார். ஓர் அடுக்குக்கு ஓர் ஓய்வு. அவசரப்படுகிறவர்களுக்கு வராத பண்டம் அது. அக்காவின் உடம்புக்கு அதுதான் பொருந்தியது. அவசரப்பட முடியாததைப் பற்றி ஒருநாளும் அவர் குறைசொன்னதில்லை. ஈஸி சேரில் ஒரு ராணி மாதிரி இருந்தார்.

அந்த டிசம்பரில் எக்ஸ்சேஞ்சிலிருந்து அவருடைய தோழிகள் வருவதாக இருந்தது. பெரிய டிரே நிறைய அதே புட்டிங்கைச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, அவர்களை அழைத்து வர சானடோரியம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தொண்டை வலியில் ஆரம்பித்து, ஜுரமாகி, மூட்டு வீங்கி, கடைசியில்தான் இதயத்துக்கு வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜிலிருந்து எதை எடுத்தாலும் அம்மா சுடவைத்துத்தான் எனக்குக் கொடுப்பார். தயிரைக்கூட வெந்நீரில் வைத்து எடுப்பார். அக்காவின் புட்டிங்கை அதுவரை எனக்குத் தரவிட்டதே இல்லை. அன்று டிரேயைப் பார்த்தார். எல்லோருக்கும் பரிமாறும்போது நானும் தின்பேனே என்று பயந்திருக்கிறார். முழுவதையும் அடுப்பில் ஏற்றிவிட்டார்.

அக்கா தோழிகளோடு உள்ளே நுழைந்தபோது பாத்திரத்தில் பழுப்பு நிறக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பிஸ்கட் மிதந்தது.

"லேசா சூடு பண்ணேம்மா... பாப்பாவுக்கு ஆகாதேன்னு. அது இப்படி இளகும்னு எனக்கு..." அம்மாவால் முடிக்க முடியவில்லை.

அக்கா பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து எழுந்து செய்தது அது. பிறகு அந்த டிரங்க் கால் குரலில் சொன்னார்: "ரூபி, எல்லாருக்கும் டம்ளர் எடு. இன்னிக்கு பிஸ்கட் பாயசம்."

ஊதி ஊதிக் குடித்தார்கள். "முந்திரி போட்டிருக்கலாம்" என்று ஒருவர் சொன்னார். அம்மாவும் சிரித்துவிட்டார். எல்லோரும் போன பிறகு அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, அடுத்த ஊசிக்குப் போறப்ப டாக்டரையே கேட்டுடுவோம்" என்றார். கேட்டோம். தொண்டை வலி வந்தால் உடனே வாருங்கள், மற்றபடி குளிர்ந்ததைப் பார்த்து இத்தனை பயம் வேண்டாம் என்றார் டாக்டர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் முதல்முறையாகக் குளிரக் குளிரச் சாப்பிட்டேன். வெட்டிய துண்டு சாயாமல் தட்டில் நின்றது. கோடு கோடாக ஒவ்வொரு அடுக்கும் தெரிந்தது. பிஸ்கட் பிஸ்கட்டாக இல்லை, கேக் போல மெத்தென்று ஆகியிருந்தது. நெருப்பில் வேகாமல், சும்மா இருந்தே ஒன்று இப்படி மாறுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா என் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக்காவுக்குப் பள்ளியில் படிக்கும்போது செய்த அதே ஆபரேஷனை இந்த வருடம் எனக்கும் செய்தாக வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து பாத்ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அப்பா வெளியே நின்று கெஞ்சினார். பிறகு அப்பாவின் குரல் நின்று, அக்காவின் குரல் கதவுக்குக் கீழேயிருந்து வந்தது. தரையில் உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்தது.

"உள்ள பல்லி இருக்கா அகி?"

"இருக்கு."

"அப்ப நீ தைரியசாலிதான். பல்லி இருந்தா நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

"ஆபரேஷன் வலிக்குமா அக்கா?"

"வலிக்கும். சும்மா சொல்ல மாட்டேன். இருமினா உயிர் போயிடும். தலகாணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுதான் இருமணும்."

"உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

"நர்ஸ் கையைக் கடிச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் நிற்கவில்லை. "செத்துப்போயிட்டா?" என்று கேட்டேன்.

"அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல அகி. பக்கத்து பெட்ல ஒரு பொண்ணு இருந்தா. வேணாம்னு வீட்டுக்குப் போயிட்டா. அவளை அப்புறம் ஊசி போடுற இடத்துல நான் பார்க்கவே இல்ல. நான் வீட்டுக்கு வந்து, ஸ்கூல் முடிச்சு, வேலைக்கு வந்து, ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷன்ல ரயிலைப் பிடிக்க ஓடினேன்டி. ஓடினேன்! பிடிச்சு ஏறிட்டேன்."

கதவைத் திறந்தேன். அன்றுதான் அவர் தன் வால்வு மறுபடியும் அடைத்துக்கொண்டு வருவதைச் சொன்னார். மே மாதம் நாங்கள் இருவரும் ஒரே வார்டில் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கேட்பதாகப் பேசிக்கொண்டோம். அந்தத் துணையை நம்பித்தான் சரி என்றேன். மே மாதம் வருவதற்குள், இந்தத் திங்கட்கிழமை வேலையில் இருக்கும்போதே அவருக்கு மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

நேற்று அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "தேதியைத் தள்ளி வெச்சுடலாமா? இவளுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா."

அம்மா, அப்பா, எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையே தெரியும். தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இதை எழுதும்போதுகூட நெஞ்சில் கை வைத்து, துடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். முதல் இரண்டு நாளும் அக்கா இறந்துவிட்டார் என்பது மட்டும்தான் மனதில் நின்றது. அவருடைய சம்பளம், அவருடைய தோழிகள், அவர் ஓடிப் பிடித்த ரயில், அப்பாவைத் தரையில் உட்கார வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாமே அந்த ஆபரேஷனுக்குப் பிறகு வந்தவை என்பது இன்று எழுதும்போதுதான் புரிகிறது. எனக்கும் அப்படி வருடங்கள் வேண்டும். தேதியைத் தள்ளாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கிரகப்பிரவேசம் நன்றாக நடந்தது என்று சொல்ல வேண்டாம். மூன்று பேரும் சேர்ந்து அழலாம்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது திங்கட்கிழமை காலையில். அப்பா என்னைப் பின்னால் வைத்து ஓட்டிய சைக்கிளைக் கடந்து போன பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது. என்னைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடி, முகத்தை வெளியே நீட்டி, வருகிற காற்றையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தார். முடி பறந்து முகத்தில் விழுந்ததை ஒதுக்கக்கூட இல்லை.

போய் வாருங்கள் அக்கா. நீங்கள் போயிருக்கும் இடத்தில் மூச்சு வாங்காது என்று ரூபி அக்கா சொன்னார். மே மாதம் நான் தனியாகத்தான் போகிறேன். ஆனால் போகிறேன்.