மூன்றாம் நாள் திறந்த உலை

இது நடக்கும் என்று போன வாரமே சொன்னவன் நான். மாட்டுங்காவில் காப்பி குடிக்கும்போது ஞானமுத்து பாதி தம்ளரை அப்படியே வைத்துவிட்டார். "ஆளு தாங்கமாட்டாரு" என்று வீட்டில் வந்து உங்களிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை தாராவியிலிருந்து அவர் மச்சான், ஞானமுத்து போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஆள் அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதையும் எழுந்து எழுந்துதான் எழுதுகிறேன்.

குர்லா கண்ணாடிப் பட்டறையில் நானும் அவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் ஈய ஆக்சைடு எவ்வளவு சேர்ப்பது என்று முதலாளி சேட் என்னைத்தான் கேட்பார். உருக்கிய கண்ணாடியை ஆறவைப்பதில் மட்டும் ஞானமுத்துவுக்கு நிகர் பம்பாயிலேயே கிடையாது. ஜெர்மன்காரர் ஒருவர் வந்து அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஒருமுறை கண்ணாடிக் குழம்பு நடுச்சூட்டில் நின்று, உள்ளே படிகம் கட்டி, பால்போல வெளுத்துவிட்டது. அவர் சொன்னார்: "வே, அந்தச் சூட்ட ஓடித் தாண்டணும். கீழ வந்த பொறவு நத்த மாதிரி எறங்கணும். உமக்கு ஓட மட்டுந்தான் தெரியும்."

அடுத்த கண்ணாடிக் கட்டி, ஓர் ஆய்வுக்கூடத்துச் சன்னலுக்கு. செங்கல் கனம். இதுவும் கெட்டால் ஞானமுத்துவுக்கு வேலை இல்லை என்று சேட் சொல்லிவிட்டார். ஆறு நாள் உலையைத் திறக்கக் கூடாது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "உக்காரும்வே! பிரசவ ஆசுபத்திரி வாசல்ல நிக்க மாதிரி நிக்கீரு" என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் டீ குடிக்கப் போயிருந்தார். தேய்ந்த கொக்கி தானே கழன்று, கதவு திறந்து, குளிர்காற்று உள்ளே போய்விட்டது. மறுபடி சாத்தினோம். ஆறாம் நாள் கட்டியை எடுத்து ஒளியை வடிகட்டும் இரண்டு கறுப்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து, விளக்கில் பிடித்துப் பார்த்தால், உள்ளே வானவில் வரிகள். மேல்தோல் முந்தி இறுகி, உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். மேசைமேல் வைத்தோம். யாரும் தொடாமலே பிளந்தது.

"கதவை யார் பார்த்துக்கொண்டது?" என்று சேட் கத்தினார்.

"நாந்தான் சேட். என் தப்பு" என்றார் ஞானமுத்து.

அன்றைக்கே அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். பிறகு கடைசிவரை தாராவியில் உடைந்த பாட்டில் பொறுக்கிப் பிரிக்கும் வேலைதான்.

கொக்கி தேயவில்லை. அது நான் கட்டிய கதை. உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். எப்படி வருகிறது என்று ஒரு பார்வை பார்க்க நான்தான் திறந்தேன். டீ குடித்துத் திரும்பியவர் என் கை கதவில் இருந்ததைப் பார்த்தார். என் கையை விலக்கிக் கதவைச் சாத்தினார்.

'என் தப்பு' என்று சேட்டிடம் அவர் சொன்ன அந்த இரண்டு சொற்கள் என்னிடம் இருக்கின்றன. அவை என்னுடையவை.