ஊரே பார்த்த தாலி

சீசன் முடிந்து, வெளியூர்க்காரர்கள் பெட்டி கட்டி மலையிறங்கிய பிறகுதான் கொடைக்கானல் எங்கள் கைக்கு வரும். மே மாதம் முழுக்க இங்கிலீஷ் நாடகமும் பியானோக் கச்சேரியும் நடந்த எங்கள் பள்ளிக்கூட ஹாலில் நாற்காலிகள் கவிழ்ந்து கிடக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை மாதம் அந்த நாற்காலிகளை நிமிர்த்திப் போட்டு, முதன்முதலாக அங்கே தமிழ் நாடகம் நடத்தினோம். இன்றைக்கும் எங்கள் பக்கம் வயதானவர்கள் ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசினால், "நாடகம் போட்டாங்களே, அதுக்கு அடுத்த வருசம்" என்றுதான் கணக்குச் சொல்வார்கள். அதில் ராணி வேஷம் கட்டியவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொய் சொல்லாத ராஜா நாட்டை இழந்து, பெண்டாட்டி பிள்ளையை விற்று, கடைசியில் சுடுகாடு காக்கிற வேலைக்கு வருகிறார். பாம்பு கடித்துச் செத்த மகனைத் தூக்கிக்கொண்டு ராணியும் அதே சுடுகாட்டுக்கு வருகிறாள். இருட்டில் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியவில்லை. கூலி கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. கழுத்தில் கிடக்கிற தாலியை விற்றுக் கொடு என்கிறார் அவர். அவள் திடுக்கிட்டுப் போகிறாள். ஏனென்றால் அந்தத் தாலி அவள் புருஷன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவள் வாங்கி வந்த வரம் அப்படி. அதை வைத்துத்தான் எதிரே நிற்பவர் யாரென்று கண்டுபிடிக்கிறாள். ஆகவே மேடையில் ராணியின் கழுத்து வெறுமையாக இருக்க வேண்டும். ஆண்பிள்ளைகளே ராணியாக வந்தவரைக்கும் அதில் யாருக்கும் ஒரு கஷ்டமும் இருந்ததில்லை.

நாடகத்தை எழுதிப் பழக்கியவர் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா. பழனிக்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம். இந்தக் கதையைத் திருவிழாக்களில் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். ராஜாவாக நடித்தவர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர். ராணி, ஆபீஸ் டைப்பிஸ்ட் பையன். சின்ன வகுப்பு டீச்சரான எனக்குத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலை. நாடகத்துக்குச் சில நாள் இருக்கும்போது டைப்பிஸ்டுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து இரண்டு கன்னமும் பன் மாதிரி உப்பிவிட்டது. அந்த முகத்தோடு ராணி அழுதால் ஜனங்கள் சிரிப்பார்கள்.

தமிழ் ஐயா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "டீச்சர், ராணி வசனம் முழுசும் உங்களுக்குத்தான் பாடம். நீங்கதான் காப்பாத்தணும்."

என் கணவர் வத்தலக்குண்டு பஸ் ஓட்டுகிறவர். எதையும் லேசாக எடுத்துக்கொள்ளும் மனுஷன். "நடிக்கட்டும்ங்க. வீட்ல எங்கிட்ட நடிக்கிறதுதானே" என்றார்.

அத்தை, அதாவது என் மாமியார், காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எம்மகன் தெனமும் அந்த மலை வளைவுல உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறான். இவ ஊருக்கு முன்னால வெறுங்கழுத்தா நிக்கவா? வேற ஆளைப் பாருங்க, சாமி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அத்தை சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். வெறுங்கழுத்து என்பது அவருக்கு வேஷம் கிடையாது. கர்த்தரை விசுவாசிக்கிற குடும்பம்தான் எங்களுடையது. இருந்தாலும் கல்யாண வீட்டில் தாலித் தட்டைத் தொட மாட்டார், பூ எடுத்துக் கொடுக்க மாட்டார். ஓரமாக நின்றுகொள்வார். உண்மையைச் சொன்னால், அவர் சொன்னதைக் கேட்டு எனக்கும் உள்ளே பயம்தான். பனியில் மலையேறி வருகிறவரின் பெண்டாட்டி தாலியைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு மேடையேறுவதா?

கடைசியில் கொடைக்கானல் குளிர்தான் வழி காட்டியது. கழுத்து வரைக்கும் பட்டன் வைத்த ஒரு கறுப்புக் கம்பளி ஜாக்கெட். தாலி உள்ளே, கழுத்திலேயே இருக்கும்; பார்க்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாது. அத்தை சம்மதித்து, தானே தைத்தும் கொடுத்தார்.

"காசிச் சுடுகாட்டுல கம்பளி ஜாக்கெட்டா?" என்று தமிழ் ஐயா தலையில் கை வைத்தார்.

"காசியிலயும் குளிர் உண்டும்பாங்க" என்றார் என் கணவர். வண்டி எடுக்கப் போகும்போது என்னிடம், "சுடுகாட்டு சீனுக்குள்ள வந்துருவேன். முன்னால எடம் போட்டு வை" என்றார்.

நாடகத்தன்று முன்வரிசை நாற்காலி ஒன்றில் அவருடைய மப்ளரைப் போட்டு வைத்தேன். பக்கத்து வில்பட்டிக்காரர்கள் வெளிச்சத்தில் வீடு திரும்ப வேண்டும் என்று மத்தியானமே ஆரம்பித்தோம். மலைச்சரிவு ஊரான வெள்ளகவியிலிருந்து வெள்ளனே கிளம்பி ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கூச்சப்படுகிற கூட்டம் கிடையாது அது. அரண்மனைக் காட்சியில் நான் சாக்ஸோடு வந்துவிட்டதைப் பார்த்து ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டார்.

பிறகு பனி இறங்கியது. ஹாலுக்குள் பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். நான் திரைக்குப் பின்னால் சாயம்போன சேலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, வாசலில் யாரோ சொல்வது கேட்டது. "வத்தலக்குண்டு பஸ் இன்னும் வரல. கீழ ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்காம்." அந்தச் சேதி வரிசை வரிசையாக முன்னால் வந்து சேர்ந்தது. அந்த பஸ்ஸை ஓட்டுகிறவர் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

தமிழ் ஐயா பக்கத்தில் வந்து, "நிறுத்திருவோமா டீச்சர்?" என்றார்.

சேலை கட்டிவிட வந்திருந்த அத்தை அங்கேதான் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லப்போகிறார், நானும் அதை ஒப்புக்கொள்ளப்போகிறேன் என்று நினைத்தேன்.

"போ" என்றார் அத்தை. "வெரசா முடிச்சுட்டு வா. இங்க உக்காந்து ரெண்டு பேரும் என்ன பண்ணப்போறோம்?"

செத்த மகனுக்குப் பதிலாக ஒரு தலையணையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு மேடைக்குப் போனேன். எதிரே மப்ளர் போட்ட நாற்காலி. ஒப்பாரியை எந்த இடத்தில் ஆரம்பித்தேன், எந்த இடத்தில் வசனத்தை விட்டேன், எனக்குத் தெரியாது. அழுதது நானேதான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பயம் வந்தால் கை தானாகத் தாலிக்குப் போய்விடும். அன்றைக்கும் போயிருக்கிறது. ஜாக்கெட்டின் பட்டனை எப்போது கழற்றினேன் என்றே நினைவில்லை. கம்பவுண்டர் கோலை ஊன்றிக்கொண்டு, "பெண்ணே, உன் கழுத்தில் தாலி இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு, என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து பார்த்தேன். சிலுவை பொறித்த என் தாலி கறுப்பு ஜாக்கெட்டின் மேல் வெளியே கிடந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடைசி வரிசை வரைக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த வசனம் என்னுடையது. "இது என் கணவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். உமக்கு எப்படித் தெரிந்தது?" ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை எப்படிச் சொல்ல? ஆனாலும் சொன்னேன். சாக்ஸுக்குச் சிரித்த கூட்டத்தில் அப்போது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் தன் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு பெண்ணின் கையும் கழுத்துக்குப் போவதைப் பார்த்தேன். நடிப்பும் வேண்டாம், பெயரும் வேண்டாம், அவர் வந்து சேர்ந்தால் போதும் என்று கடவுளிடம் கேட்டேன்.

கடவுள் வேஷக்காரர் வந்தார், தலையணை உயிர் பெற்றது, திரை விழுந்தது. யாரும் கை தட்டவில்லை, யாரும் எழுந்திருக்கவும் இல்லை. அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஏரி வளைவுப் பக்கமிருந்து பஸ் ஹாரன் கேட்டது. நீளமாக, இரண்டு தரம். அவர் அடிக்கிற மாதிரி. அதன் பிறகுதான் ஹால் எழுந்து நின்று கை தட்டியது. அந்தக் கைதட்டல் நாடகத்துக்கா பஸ்ஸுக்கா என்று தமிழ் ஐயாவுக்குக் கடைசி வரைக்கும் சந்தேகம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அந்த ஹாலில் தமிழ் நாடகம் நடந்தது. பெண்களே பெண்களாக நடித்தார்கள். இந்தக் கதையை மலையில் யார் போட்டாலும், சுடுகாட்டுக் காட்சியில் ராணி தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டுதான் வருவாள். அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டார்கள். தமிழ் ஐயா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு என் கணவர் முழங்கால் வரைக்கும் சேறோடு வீட்டுக்கு வந்தார். பிரயாணிகளோடு சேர்ந்து கையாலேயே மண்ணைத் தள்ளி வழி பண்ணியிருக்கிறார். வரும் வழியிலேயே ஆளுக்கு ஆள் மேடையில் நடந்ததைச் சொல்லிவிட்டார்கள்.

"புருசன் கண்ணுக்கு மட்டும்தான தெரியணும்னு கதை?" என்றார் காபியை ஆற்றிக்கொண்டே. "வில்பட்டிக்காரன் பாத்திருக்கான், வெள்ளகவிக்காரன் பாத்திருக்கான். நான் ஒருத்தன்தான் பாக்கல."

நான் தாலியை உள்ளே போட்டுப் பட்டன் மாட்டியபடி, இன்னும் அந்த ஜாக்கெட்டோடுதான் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பங்கரையிலிருந்து அத்தை வந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். யார் தாலியையும் தொடாத அத்தை, தன் கையாலேயே என் பட்டனைக் கழற்றி, தாலியை வெளியே எடுத்துப் போட்டார்.

"இப்பப் பாத்துக்க" என்றார் மகனிடம்.